எஞ்சினைச் செய்வதா, காரைத் தள்ளிவிடுவதா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. திருகோணமலையில் ஒரு மோட்டார் உதிரிப்பாகக் கடையில் 17 வருடமாகக் கணக்கெழுதுகிறேன். கேஸ்கெட் வாங்கிப் போனவர் அடுத்த கிழமை பிஸ்டன் ரிங் கேட்டு வருவார். அதற்கடுத்த மாதம் "எஞ்சின் ஒண்டு எடுத்துத் தர ஏலுமோ?" என்று வந்து நிற்பார். மூன்று பில்லும் என் கையெழுத்தில்தான் இருக்கும். அந்த மூன்றின் கூட்டுத்தொகை முதல் நாளே தெரிந்திருந்தால் பாதிப்பேர் வேறு முடிவு எடுத்திருப்பார்கள். கவுண்டரில் சாய்ந்து நின்று என்னிடம் கேட்கிற கேள்விகளும் நான் சொல்லுகிற பதில்களும் இவை.

கராஜ்காரர் "எஞ்சின் போயிட்டுது, செய்யத்தான் வேணும்" என்கிறார். செய்யச் சொல்லிவிடவா?

பொறுங்கள். "எஞ்சின் போயிட்டுது" என்பது "ஆளுக்குச் சுகமில்லை" என்பது மாதிரி. என்ன வருத்தம் என்று அதில் இல்லை. எந்த இடம் போனது என்று கேளுங்கள். ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் ஒழுகாமல் வைக்கிற தகடு) எரிந்ததா, ஹெட்டே வளைந்துவிட்டதா, ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) தேய்ந்ததா, பெயாரிங் அடித்ததா, டைமிங் பெல்ட் அறுந்து வால்வு போய் பிஸ்டனில் முட்டியதா? கேஸ்கெட் என்றால் மேலே ஹெட்டைக் கழற்றினால் போதும். பெயாரிங் என்றால் பெரும்பாலும் எஞ்சினையே இறக்கி, கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டை) லேத்துக்கு, அதாவது கடைசல் பட்டறைக்கு, அனுப்பி, அளவு பார்த்து பெயாரிங் எடுக்க வேண்டும். இரண்டின் செலவுக்கும் இடையில் எட்டாத தூரம். பெயர் சொல்லாத வருத்தத்துக்கு விலை பேசாதீர்கள்.

கழற்றாமலே எது போனது என்று தெரிந்துகொள்ள முடியுமா?

பெரும்பாலும் முடியும்.

முதலில் புகை. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்றுவிட்டால், அனேகமாக வால்வு சீல் காய்ந்திருக்கிறது. ஓடும்போது அக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க நீலம் வந்தால் ரிங் பக்கம் சந்தேகம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெற்றோல் அளவுக்கு மேல் போகிறது; அதற்கு எஞ்சினை இறக்கச் சொல்லுகிறவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது ஒயில். டிப்ஸ்டிக்கில் பால்தேத்தண்ணி நிறம் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஆனால் ஒயில் மூடிக்குக் கீழே மட்டும் கொஞ்சம் வெண்ணெய் மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடம், சந்தை என்று இரண்டு மூன்று கிலோமீற்றர் மட்டும் ஓடும் கார்களில் ஈரம் ஆவியாகாமல் அப்படிப் படியும்.

பிறகு கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று அளப்பது. எஞ்சினைச் சூடாக்கி, எல்லாப் பிளக்கையும் கழற்றி, அக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள பெற்றோல் எஞ்சினில் பொதுவாக 150 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும். அந்த எண்ணை விட முக்கியம் சிலிண்டர்களுக்கிடையே உள்ள வித்தியாசம். 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் போனால் குறைந்த சிலிண்டரில் ஏதோ இருக்கிறது. அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் இடையில் கேஸ்கெட் எரிந்திருக்கும்.

கேஸ்கெட்டுக்கென்றே இன்னொரு பரிசோதனை உண்டு. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து அதற்குள் நீலத் திரவம் ஊற்றுவார்கள். எஞ்சினுக்குள் எரிந்த வாயு கூலன்டுக்குள் வந்தால் நீலம் மஞ்சளாகும். நீங்களே கண்ணால் பார்க்கலாம்.

இந்த வேலைக்குக் கூலி கொடுங்கள். "சும்மா ஒருக்காப் பாத்துத் தாங்கோ" என்றால் சும்மா பார்த்த பதில்தான் வரும்.

உள்ளே இருந்து 'டக் டக்' என்று சத்தம் வருகிறது. மெதுவாக ஓட்டிப் போகலாமா?

ஒயில் லைட்டும் சேர்ந்து எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பெயாரிங்கோடு நிற்க வேண்டிய செலவு, அடுத்த ஐந்து கிலோமீற்றரில் கிராங், பிஸ்டனைத் தாங்குகிற கொன்ரொட், சில நேரம் எஞ்சினின் உடலான பிளொக் வரைக்கும் போகும். கயிறு கட்டி இழுப்பது வெட்கமில்லை.

ஹெட் கேஸ்கெட் மட்டும்தான் என்கிறார்கள். அது சின்ன வேலைதானே?

கேஸ்கெட் சின்னச் சாமான்தான். அது ஏன் எரிந்தது என்பதுதான் பெரிய வேலை. கடைக்குள் இருந்துகொண்டே நானும் இதில் இரண்டு முறை காசு கட்டியவன்.

கொழும்பில் ஒரு கலியாணத்துக்குப் போய் இரவோடு இரவாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். கார் 121 கொரோலா. ஹபரணை தாண்டிக் கல்ஓயாச் சந்திப் பக்கம் வரும்போது வெப்ப முள் நடுவை விட்டு ஏறத் தொடங்கியது. அந்தத் துண்டில் இரவில் யாரும் நிறுத்துவதில்லை. யானை றோட்டோரத்துப் பற்றைக்குள் நிற்கும், லைட் பட்ட பிறகுதான் தெரியும். பின் சீற்றில் மாமியும் இரண்டு பிள்ளைகளும் நித்திரை. மனுசி "நிப்பாட்டாதேங்கோ" என்று என் கையைப் பிடித்தா. ஏசியை நிறுத்தினேன், ஹீட்டரைத் திறந்துவிட்டேன், வேர்த்து ஊற்ற ஊற்ற ஓட்டினேன். கந்தளாய்க்குக் கிட்ட வரும்போது முள் தானாக இறங்கியது. "சரியாயிட்டுது" என்று சந்தோசப்பட்டேன். அப்போது ரேடியேட்டரில் தண்ணீரே இல்லை. சென்சரைத் தொடுவதற்குத் தண்ணீர் இல்லாவிட்டால் முள் அப்படித்தான் இறங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு கராஜில் இரண்டு நாளில் புதுக் கேஸ்கெட் போட்டு மூடித் தந்தார்கள். இரண்டரை மாதம். திரும்பவும் தண்ணீர் குறைந்தது.

அடுத்த மெக்கானிக் ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோனார், நானும் கூடப் போனேன். லேத்காரர் ஹெட்டைக் கவிழ்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, குறுக்கே ஒரு இரும்புச் சட்டத்தை நிமிர்த்தி வைத்தார். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜில் மெல்லிய தகட்டைப் பிரித்து, இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவில் சட்டத்துக்கு அடியில் செருகினார். போனது. அடுத்த தகடு, அதுவும் போனது. "0.05 மில்லிமீற்றரே போகக்கூடாது தம்பி. இதிலை 0.15 போகுது. குனிஞ்சு பாரும்" என்றார். குனிந்து பார்த்தேன். சட்டத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வாசல் வெளிச்சம் ஒரு மயிர்க்கோடு மாதிரித் தெரிந்தது. முதல் கராஜில் இந்தச் சட்டத்தை யாரும் எடுக்கவே இல்லை.

ஹெட் அலுமினியம். சூடேறினால் வளையும். வளைந்த ஹெட்டின் கீழே எவ்வளவு நல்ல கேஸ்கெட் வைத்தாலும் நிற்காது. அதை மட்டம் சீவி, வெடிப்பு இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துப் பார்த்த பிறகுதான் பூட்ட வேண்டும். பழைய லைட்ஏஸ், டவுன்ஏஸ் டீசல் வான்களின் 2சி, 3சி எஞ்சின்களில் ஹெட் வெடிப்பது பேர்போன வருத்தம். அந்த வான்காரர்கள் அழுத்தப் பரிசோதனை இல்லாமல் ஹெட்டைத் திருப்பிப் பூட்ட விடவே கூடாது.

இவ்வளவுக்கும் காரணம் ரேடியேட்டர். அடிப்பக்கத்து இறகுகளை மெக்கானிக் விரலால் தொட்டார், நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கடற்கரையில் இருந்து 300 மீற்றரில் வீடு. உப்புக்காற்று. அதை மாற்றாமல் இன்னொரு கேஸ்கெட் போட்டிருந்தால் மூன்றாவது முறையும் கட்டியிருப்பேன்.

ஆகவே கேஸ்கெட் வேலைக்கு விலை கேட்கும்போது ஹெட்டை லேத்துக்கு அனுப்புவீர்களா, ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வோட்டர் பம்ப், விசிறி எல்லாம் பார்த்தாயிற்றா, ஹெட் போல்ட் புதிதா என்று கேளுங்கள். பல புதிய எஞ்சின்களில் போல்ட்டை இழுபடும் அளவுக்கு முறுக்குவார்கள். அப்படிப்பட்டதை இரண்டாம் முறை பாவிக்கக்கூடாது.

என் காரில் வெப்ப முள்ளே இல்லையே?

வேகன்ஆர், விட்ஸ் போன்றவற்றில் பல மொடல்களுக்கு முள் இல்லை. நீலம், சிவப்பு என்று லைட் மட்டும். சிவப்பு வந்தால் "இன்னும் கொஞ்சத் தூரம்" என்ற பேச்சுக்கு இடமில்லை. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் போத்தலைப் பார்க்கும் பழக்கம்தான் உங்களுக்கு முள். கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கேத்தலில் படிகிற வெள்ளைதான் எஞ்சினுக்குள்ளும் படியும்.

"திருத்தச் செலவு கார் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடு" என்கிறார்களே, சரியா?

அது வெளிநாட்டுக் கணக்கு. அங்கே கார் பழசானால் விலை வேகமாக இறங்கிவிடும். இங்கே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள், அதுவும் கழுத்தை நெரிக்கிற வரியோடு. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார் வைத்திருந்தவர் அதை வாங்கிய விலையை விடக் கூட்டி விற்றார். இந்த நாட்டில் பாதிக் கணக்கு வேலை செய்யாது.

நான் எழுதச் சொல்லுவது மூன்று எண்கள். கார் இன்றைக்கு இருக்கிற இருப்பில், ஓடாமல், என்ன விலைக்குப் போகும். எஞ்சின் செய்து நன்றாக ஓடினால் என்ன விலைக்குப் போகும். செய்து முடிக்க மொத்தமாக எவ்வளவு. மூன்றாவது எண்ணோடு கால்வாசியைக் கூட்டுங்கள். ஹெட்டைத் திறந்த பிறகு "இதையும் மாத்தினா நல்லது" என்று வராத எஞ்சினை நான் இன்னும் காணவில்லை.

உதாரணத்துக்கு, ஓடாமல் 23 இலட்சம், ஓடினால் 32 இலட்சம் என்று வையுங்கள். வித்தியாசம் 9. கராஜ் சொன்னது ஐந்தரை, கால்வாசி கூட்டினால் ஏறக்குறைய 7. செய்யுங்கள்; விற்கப் போகிறவரும் செய்துவிட்டு விற்கலாம்.

இன்னொரு கார். ஓடாமல் 9, ஓடினால் 14, செலவு கூட்டிப் பார்த்தால் 7. தாளில் 2 இலட்சம் நட்டம். எல்லோரும் இங்கே குழம்புகிறார்கள். நான் கேட்பது, 14 இலட்சத்துக்கு வேறு கார் வாங்கினால் அதன் எஞ்சினை யார் திறந்து பார்த்தது? உங்கள் காரில் போனது எது, போகாதது எது என்று உங்களுக்குத் தெரியும். புரோக்கர் கொண்டுவருகிற காரில் கழுவிய எஞ்சினும் வாசனை மட்டையும்தான் தெரியும். அந்த அறியாமைக்கும் ஒரு விலை போட வேண்டும். மற்ற எல்லாம் நன்றாக இருக்கிற காருக்கு அந்த 2 இலட்சத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஓட்டுவேன். மற்றவையும் ஆட்டம் கண்டிருந்தால் கொடுக்கமாட்டேன்.

மற்றவை என்றால் எதை எதைப் பார்ப்பது?

நம்முடைய ஊரில் முதலில் அடிப்பாகம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்கரை மணலில் நிறுத்திய கார்களில் மேலே பெயின்ற் பளபளக்கும், கீழே சட்டம் உக்கியிருக்கும். காரைத் தூக்கி, திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். "டங்" என்றால் இரும்பு, "பொத்" என்றால் உக்கல். எஞ்சின் தாங்குகிற இடம், முன் சில்லுத் தொங்கல் பூட்டுகிற இடம் இரண்டும் உக்கியிருந்தால் எஞ்சின் பேச்சை அதோடு நிறுத்தலாம்.

கியர்பொக்ஸ். ஓட்டோ கியர் இழுக்கத் தயங்கினால், அடிபட்டு விழுந்தால், அடுத்த பெரிய பில் அங்கிருந்து வரும். எஞ்சின் ஓடாத காரில் இதைப் பார்க்க முடியாது. கார் படுப்பதற்கு முன் எப்படி இருந்தது என்று மனச்சாட்சியோடு நினைத்துப் பாருங்கள்.

எஞ்சினைச் செய்வதா, ஜப்பான் எஞ்சின் ஒன்றை வாங்கிப் பூட்டுவதா?

கவுண்டரில் அதிகம் வாதாடுகிற கேள்வி இது. கிண்ணியாவில் இருந்து வருகிற வான்காரக் காக்கா ஒருவர் "செய்த எஞ்சினும் ஒட்டின சட்டியும் ஒண்டு" என்பார். நான் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

ஜப்பான் எஞ்சின் என்று நாம் சொல்வது அங்கே கழித்த காரில் இருந்து எடுத்துக் கப்பலில் வந்த பழைய எஞ்சின். 'ரீகண்டிஷன்' என்ற சொல் பில்லில் இருந்தாலும் பெரும்பாலானவற்றை யாரும் திறந்து எதுவும் செய்ததில்லை, கழுவி வைத்திருப்பார்கள். அதற்காகக் கூடாதது என்றில்லை. நல்லது கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் கார் றோட்டில். செய்வதென்றால் லேத், சாமான், காத்திருப்பு என்று கிழமைக்கணக்கு. வாடகைக்கு ஓடுகிறவருக்கு நாள்தான் காசு.

கிராங் வெட்டுப்பட்டு, பிளொக்கில் கீறல் விழுந்து, பிஸ்டனும் போய்விட்டதென்றால் எஞ்சின் மாற்றுவதே மலிவு. ஹெட் மட்டும், அல்லது வால்வு சீலும் ரிங்கும் மட்டும் என்றால், வரலாறு தெரிந்த உங்கள் எஞ்சினைச் செய்வதுதான் என் கட்சி. சந்தையில் அதிகம் ஓடிய மொடல் என்றால் எஞ்சினும் தாராளம், விலையும் பேசலாம். அரிதான மொடல் என்றால் கிடைத்ததுதான் எஞ்சின்.

வாங்கும் முன்பு அதற்கும் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினுக்கு அடியில் உள்ள ஒயில் சம்பைக் கழற்ற விட்டால் உள்ளே கறுப்புக் களி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாதம் எத்தனை நாள், பூட்டிய கூலியையும் சேர்த்துத் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன "ஒரு மாசம் கேரண்டி" கடை வாசலோடு முடிந்துவிடும்.

எஞ்சின் மாற்றினால் புத்தகத்தில் பிரச்சினை வருமா?

பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். எஞ்சின் வாங்கிய பில் இல்லாமல் அந்த வேலை நகராது. பலர் "விக்கேக்கை பாப்பம்" என்று விடுகிறார்கள். விற்கும்போது வாங்குகிறவர் இலக்கத்தைப் பார்த்துவிட்டு விலையைக் குறைக்கிறார், அல்லது எழுந்து போய்விடுகிறார். பில்லைப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.

லீசிங்கில் உள்ள கார் என்றால்?

காரின் முழு உரிமைக்காரர் லீசிங் கம்பனி. எஞ்சின் இலக்கம் மாறுவதென்றால் அவர்களிடம் கேட்க வேண்டும். கார் கராஜில் படுத்திருந்தாலும் மாதக் கட்டணம் படுக்காது, ஆகவே "ஆறுதலாச் செய்வம்" என்பது உங்களுக்கு ஆகாத தெரிவு. இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் கட்ட இருந்து, எஞ்சினுக்கும் வட்டிக்குக் கடன் எடுக்க வேண்டுமென்றால், கம்பனியோடு பேசி விற்று அடைப்பதையும் ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

காப்புறுதி தருமா?

தேய்ந்து போனதற்குத் தராது, முழுக் காப்புறுதி என்றாலும். விபத்திலோ வெள்ளத்திலோ போனால் பேசலாம். உங்கள் பொலிசியில் இயற்கை அனர்த்தம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். தண்ணீர் வற்றியதும் "ஓடுதா பாப்பம்" என்று சாவியைத் திருப்பினால் எஞ்சின் முடிந்தது. தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. சிலிண்டருக்குள் ஒரு கோப்பை தண்ணீர் இருந்தாலும் பிஸ்டன் மேலே வரும்போது கொன்ரொட் வளையும். வெள்ளம் ஏறிய காரின் பற்றரியைக் கழற்றுங்கள், படம் எடுங்கள், காப்புறுதிக்குச் சொல்லுங்கள், கட்டி இழுத்துப் போங்கள். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி ஒயிலை மாற்றினால் பல எஞ்சின்கள் பிழைக்கும்.

கேஸ்கெட் ஓட்டையை அடைக்கிற மருந்து போத்தலில் விற்கிறார்களே?

நாங்களும் விற்கிறோம். என் காருக்கு ஊற்றமாட்டேன். அது ஓட்டையையும் அடைக்கும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். ஊற்றி விற்றுவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் அது அதிகம் உதவுகிறது.

ஒயில் குறைகிறது, புகை பெரிதாக இல்லை. உடனே எஞ்சின் செய்ய வேண்டுமா?

வேண்டாம். எவ்வளவு குறைகிறது என்று அளந்து எழுதுங்கள். 1,000 கிலோமீற்றருக்கு 1 லீற்றர் வரைக்கும் எல்லை என்று பல கம்பனிகளின் கையேட்டில் இருக்கிறது. அரை லீற்றர் குறைகிற எஞ்சினுக்கு மாதம் ஒரு முறை ஊற்றி ஓட்டுவது, இலட்சக்கணக்கில் இறக்கிச் செய்வதை விட எத்தனையோ வருடத்துக்கு மலிவு. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் விழத் தொடங்கினால் அப்போது யோசியுங்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது.

கொழும்புக்குக் கட்டி இழுத்துப் போய்ச் செய்தால் மலிவா?

சாமான் மலிவு, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கேட்டது கிடைக்கும். ஆனால் கார் 260 கிலோமீற்றர் தள்ளி இருக்கும். செய்த வேலை பிழையாய்ப் போனால் திரும்ப யார் இழுப்பது? சாமானை அங்கிருந்து எடுப்பியுங்கள், வேலையை இங்கே செய்வியுங்கள். மாலையில் வேலை விட்டு வரும்போது கராஜில் எட்டிப் பார்க்க முடிகிற தூரத்துக்கு ஒரு பெறுமதி உண்டு. விதிவிலக்கு, பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட். அதற்குரிய ஸ்கேனரும் கைப்பழக்கமும் உள்ளவரைத் தேடிப் போவதே நல்லது.

ஹைபிரிட் கார் என்றால் கணக்கு மாறுமா?

மாறும், இரண்டு இதயம் உள்ள மாதிரி. மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் ஈஜிஆர் குளிரூட்டி (புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்துத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற பாகம்) கரியால் அடைபட்டு ஹெட் கேஸ்கெட் போவது உலகம் அறிந்த வருத்தம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கார் குலுங்கி அடித்தால் அதுதான் என்று சந்தேகப்படுங்கள். கேஸ்கெட் மாற்றுகிறவர் ஈஜிஆரைக் கழற்றிச் சுத்தம் பண்ணாவிட்டால் பாதி வேலை. ஹைபிரிட் பற்றரியும் பழையது என்றால், எஞ்சின் செலவு எழுதிய தாளில் பற்றரி விலையையும் எழுதிவிட்டுக் கூட்டிப் பாருங்கள்.

கராஜில் என்ன எழுதி வாங்க வேண்டும்?

சாமான் வேறு, கூலி வேறு, லேத் வேறு என்று பிரித்து ஒரு தாள். "இந்தத் தொகையைத் தாண்டினால் கேட்காமல் செய்ய வேண்டாம்" என்று அதன் கீழே ஒரு வரி. கழற்றிய பழைய சாமான் எல்லாம் ஒரு பெட்டியில் உங்களிடம் வர வேண்டும். நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுக் கோபிக்கமாட்டார், பெட்டியைத் திறந்து தானே காட்டுவார். சாமான் வாங்க நீங்களும் கூட வாருங்கள். ஒரே கேஸ்கெட் செட்டில் மூன்று தரம் எங்களிடமே இருக்கிறது, எதை எடுத்தார்கள் என்று கவுண்டரில் நின்றால்தான் தெரியும்.

ஏமாற்றப்பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், 1977 என்ற இலக்கத்தில். பில் இல்லாமல் போனால் அங்கேயும் கதை மட்டும்தான் மிஞ்சும்.

அப்படியே, ஓடாமலே விற்றால்?

வருத்தத்தின் பெயரோடு விற்றால் விலை கூடும். "எஞ்சின் பிழை" என்று விளம்பரம் போட்டால் வாங்குகிறவர் மிக மோசமானதை நினைத்து விலை சொல்லுவார். கம்ப்ரெஷன் எண்களை எழுதிய தாளைக் காட்டி "ஹெட் கேஸ்கெட், மற்றது சுகம்" என்றால், அதைத் தானே செய்யக்கூடிய ஒரு மெக்கானிக் நல்ல விலைக்கு எடுப்பார். மறைத்து விற்கலாமா என்றும் கேட்பவர்கள் உண்டு. இது சின்ன ஊர். வாங்கியவரை அடுத்த வெள்ளிக்கிழமை சந்தையில் காண்பீர்கள்.

செய்த பிறகு எப்படி ஓட்ட வேண்டும்?

முதல் 1,000 கிலோமீற்றருக்கு இழுவை வேண்டாம், ஒரே வேகத்தில் நீண்ட ஓட்டமும் வேண்டாம். 500க்கும் 1,000க்கும் இடையில் ஒயிலும் பில்டரும் மாற்றுங்கள். முதல் கிழமை தினமும் காலையில் கூலன்ட், ஒயில் இரண்டையும் பாருங்கள். ரிங் போட்ட எஞ்சின் ஆரம்பத்தில் கொஞ்சம் ஒயில் குடிக்கும், பிறகு குறையும்.

அப்பா வாங்கிய கார். கணக்குப்படி நட்டம், ஆனால் விற்க மனம் வரவில்லை.

பிறகு ஏன் கணக்குக் கேட்கிறீர்கள்? கடன் எடுக்காமல் முடியுமென்றால் செய்யுங்கள். கடன் எடுக்க வேண்டுமென்றால் மூடிப் போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை சில்லைத் தள்ளி, பற்றரியைக் கழற்றி வைத்தால் கார் ஓடிவிடாது.

உங்கள் 121 இப்போது என்ன ஆனது?

எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. ஹெட் சீவிப் பூட்டி ஐந்து வருடம் ஆகிறது, முள் நடுவைத் தாண்டியதே இல்லை. போன மாரிக்குப் பிறகு பின் கதவைத் திறந்த மகள் "அப்பா, காருக்குக் கீழ நிலம் தெரியுது" என்றாள். மிதியடியைத் தூக்கினேன், தெரிந்தது. டிங்கர் வேலைக்காரர் எழுதித் தந்த தாள் சட்டைப் பைக்குள் இருக்கிறது. கால்வாசி இன்னும் கூட்டவில்லை.